முன்னாடி அளந்தது, பின்னாடி அளந்தது: பேர்டு டி-டெஸ்ட் பத்தி கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். ஒரே ஆளுங்களை ஒரு பயிற்சிக்கோ மருந்துக்கோ முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை அளந்துட்டு மாற்றம் இருக்கான்னு பாக்க பேர்டு டி-டெஸ்ட் போடுறோம்ல, அதப் பத்தி வந்த கேள்விங்களுக்கு இங்க பதில் சொல்றேன். தீசிஸ் முடிக்கிற நேரம், நிறைய பேர் டென்ஷன்ல இருக்கீங்கன்னு தெரியுது, கூச்சப்படாம கேளுங்க.

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்சி நர்சிங் ரெண்டாவது வருஷம். ஒரே குரூப், ப்ரீ-டெஸ்ட் போஸ்ட்-டெஸ்ட். என்னை பேர்டு போடச் சொன்னாங்க, என் ஃப்ரெண்ட் அதே மாதிரி டேட்டாவுக்கு சாதா டி-டெஸ்ட் (தனித்தனி ரெண்டு குரூப்புக்கு போடுறது) போட்டு வச்சிருக்கா. ரெண்டுமே மீனைத்தானே, அதாவது சராசரியைத்தானே, கம்பேர் பண்ணுது?

பதில்: இல்லம்மா, இங்கதான் முழு விஷயமே இருக்கு. பேர்டு டெஸ்ட் ரெண்டு மீனைப் பாக்கறதே இல்ல, ஒவ்வொரு ஆளுக்கும் பின்னாடி மைனஸ் முன்னாடின்னு கழிச்சு வர்ற அந்த ஒரே ஒரு காலத்தைத்தான் (எக்செல்ல மேலிருந்து கீழ வர்ற நெடுவரிசை) பாக்குது, அந்த காலத்தோட சராசரி பூஜ்யத்துல இருந்து எவ்ளோ தள்ளி இருக்குங்கறதுதான் கேள்வி.

இந்த டெஸ்ட் பிறந்த இடத்துலயே ஒரு அருமையான உதாரணம் இருக்கு. டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேலை பாத்த கோஸெட், 'ஸ்டூடன்ட்'ங்கற புனைபேர்ல 1908ல எழுதின கட்டுரையில, 10 நோயாளிங்க ரெண்டு தூக்க மருந்துல வழக்கத்த விட எத்தனை மணி நேரம் கூட தூங்குனாங்கங்கற டேட்டாவை எடுத்துக்கிட்டார். ஆர் சாஃப்ட்வேர்ல 'ஸ்லீப்'னு இன்னிக்கும் இருக்கு. முன்-பின் இல்ல, ரெண்டு மருந்துதான், ஆனா ஒரே ஆளுங்க, அதனால கணக்கு ஒண்ணுதான். முதல் மருந்துல சராசரி 0.75 மணி, ரெண்டாவதுல 2.33 மணி. இதை ஃப்ரெண்ட் பண்ண மாதிரி தனித்தனி குரூப்பா நெனச்சு போட்டா டி 1.86, பி-வேல்யூ (உண்மையில வித்தியாசமே இல்லன்னா இவ்ளோ பெரிய வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு, வழக்கமா 0.05க்கு கீழ இருந்தாதான் 'சிக்னிஃபிகன்ட்'ம்பாங்க) 0.079, ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டு போயிடுவோம். பேர்டா போட்டா டி 4.06, பி 0.0028. டேட்டா மாறல, கேள்வி மட்டும்தான் மாறிச்சு.

ஏன்னா ஒருத்தர் எந்த மருந்துலயும் நல்லா தூங்குறார், இன்னொருத்தருக்கு எதுவுமே சரியா வேலை செய்யல, ஆளுக்கு ஆள் இருக்கற அந்த வித்தியாசம்தான் சாதா டெஸ்ட்டை குழப்புது. கழிச்சதும் அது போயிடுது. இந்த டேட்டாவுல ரெண்டு மருந்துக்கும் நடுவுல கோரிலேஷன் (ரெண்டும் எவ்ளோ ஒண்ணா ஏறி இறங்குதுங்கற அளவு) கிட்டத்தட்ட 0.8, அதனாலதான் இவ்ளோ லாபம். உங்க ஃப்ரெண்ட்கிட்ட சொல்லுங்க, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி மாத்திக்கட்டும்.

கேள்வி: எக்செல்ல எப்படி போடறது?

பதில்: டி.டெஸ்ட் ஃபார்முலாவுல முதல்ல ரெண்டு காலம், மூணாவது டெயில் (கூடுனதா குறைஞ்சதான்னு ரெண்டு பக்கமும் பாக்கணுமாங்கறது), அதுக்கு 2 போடுங்க, நாலாவது இடத்துல 1. அந்த 1தான் பேர்டு. 2, 3 போட்டா தனித்தனி குரூப் கணக்கு ஆயிடும். ரெண்டு காலத்துலயும் ஒரே வரிசையில ஒரே ஆள் இருக்கணும், ஒரு காலத்தை மட்டும் தனியா சார்ட் பண்ணிட்டீங்கன்னா எக்செல் எதுவும் சொல்லாது, தப்பான விடையை குடுத்துட்டு போயிட்டே இருக்கும்.

கேள்வி: டி வேல்யூ மைனஸ்ல வருது, தப்பா?

பதில்: தப்பில்ல. முன்னாடில இருந்து பின்னாடியை கழிச்சிருக்கலாம், இல்ல அளவு நிஜமாவே குறைஞ்சிருக்கலாம், அவ்ளோதான். எதுல இருந்து எதை கழிச்சீங்கன்னு எழுதிடுங்க.

கேள்வி: மேடம், என் டேட்டா நார்மல் (மணி வடிவத்துல பரவினது) இல்லன்னு அதை செக் பண்ற ஷாப்பிரோ டெஸ்ட் சொல்லுது, ப்ரீ, போஸ்ட் ரெண்டுமே. ஒரு ஆள் வேற ரொம்ப தள்ளி நிக்கிறார். கைடு அவரை தூக்கிடச் சொல்றார்.

பதில்: ப்ரீயும் போஸ்ட்டும் நார்மலா இருக்கணும்னு யாரும் கேக்கல, வித்தியாச காலம்தான் ஓரளவுக்கு நார்மலா இருக்கணும், அதை மட்டும் செக் பண்ணுங்க.

தள்ளி நிக்கிற ஆள் விஷயத்துக்கு அதே தூக்க டேட்டாவுக்கு வாங்க. வித்தியாசங்கள் 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒம்பதாவது ஆள் 4.6, தனியா நிக்கிறார். அவரை தூக்கிட்டா சராசரி 1.58ல இருந்து 1.24க்கு இறங்குது, அப்போ டி-யும் குறையும்னுதானே நெனப்போம்? ஆனா 5.66க்கு ஏறுது! அவர் சராசரியை ஏத்துனதை விட ஸ்டாண்டர்ட் டீவியேஷனைத்தான் (எண்கள் எவ்ளோ சிதறி இருக்குங்கற அளவு) அதிகமா ஏத்தி வச்சிருந்தார். அதனால டி கூடுதா குறையுதாங்கறதை வச்சு ஒரு ஆளை தூக்கறது நியாயமே இல்ல, அளந்ததுல தப்பு நடந்துச்சா, தப்பா டைப் ஆச்சான்னு பாருங்க, அப்படி எதுவும் இல்லன்னா அவர் இருக்கட்டும். கூடவே வில்காக்ஸன் சைன்டு ரேங்க் (வித்தியாசங்களோட வரிசை எண்ணை வச்சு பாக்குற டெஸ்ட்) போட்டு பாருங்க, 1945ல வந்த டெஸ்ட், இந்த மாதிரி தனி ஆளால ரொம்ப ஆடாது. ரெண்டும் ஒரே முடிவு சொன்னா நிம்மதியா எழுதலாம். கைடுகிட்ட ரெண்டு ரிசல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

கேள்வி: அக்கா, நான் ஸ்கூல் டீச்சர், எம்.எட் பண்றேன். பசங்க பயப்படக் கூடாதுன்னு பேர் எழுத வேணாம்னு சொல்லிட்டேன். இப்போ எந்த ப்ரீ-டெஸ்ட் எந்த போஸ்ட்-டெஸ்ட்டுக்குன்னு தெரியல. 40 பேப்பர் முன்னாடி, 33 பின்னாடி.

பதில்: டீச்சர், ஜோடி சேர்க்க முடியலன்னா பேர்டு டெஸ்ட் கிடையாது, வரிசைப்படி சும்மா சேர்த்து போடறதை மட்டும் பண்ணிடாதீங்க. தனித்தனி குரூப் டெஸ்ட் போட்டு, இது ஒரே பசங்கதான் ஆனா ஜோடி தெரியாதுன்னு நேர்மையா எழுதுங்க, பொதுவா ப்ரீயும் போஸ்ட்டும் ஒண்ணா ஏறி இறங்கறதால அது மாற்றத்துக்கான ஆதாரத்தை குறைச்சுதான் காட்டும். அடுத்த தடவை பேர் வேணாம், ஒரு ரகசிய கோடு போதும், அம்மா பேர்ல முதல் எழுத்து, பிறந்த தேதி, அந்த மாதிரி ரெண்டு தடவையும் மறக்காம எழுத முடியறது. அப்புறம் அந்த 7 பேர் ஏன் வரல? பாடம் புரியாத பசங்கதான் லீவ் போட்டிருந்தா, மிச்சம் இருக்கறவங்க சராசரி தானாவே நல்லா தெரியும்.

கேள்வி: நான் ஒரு யோகா சென்டர் நடத்துறேன். கேம்ப்ல பிபியோட மேல் எண் 140க்கு மேல இருந்தவங்களை மட்டும் சேர்த்து மூணு மாசம் பயிற்சி குடுத்தோம், பிபி நல்லா குறைஞ்சிருக்கு, பி-வேல்யூ 0.001க்கும் கீழ. யோகாவாலதான்னு சொல்லலாமா?

பதில்: இந்த கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் ஒதுக்கணும்னு இருந்தேன் சார். குறைஞ்சதுங்கறது உண்மை, எதனாலங்கறதை இந்த டெஸ்ட் சொல்லவே சொல்லாது.

பிபி ஒரு ஆளுக்கே நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அன்னிக்கு 140க்கு மேல வந்தவங்களை மட்டும் நீங்க எடுத்தா, அதுல வழக்கமா 135ல இருக்கறவங்க அன்னிக்கு மட்டும் 145 காட்டுனவங்களும் இருப்பாங்க. மறுபடி அளந்தா, ஒண்ணுமே செய்யலன்னாலும் அவங்க வழக்கமான இடத்துக்கு வந்துடுவாங்க. சராசரியை நோக்கி திரும்பறதுன்னு கால்டன் 1886லயே உயரத்தை வச்சு காட்டுன விஷயம் இது. உப்பை குறைச்சிருக்கலாம், மாத்திரையை ஒழுங்கா போட ஆரம்பிச்சிருக்கலாம், ரெண்டாவது தடவை அளக்கும்போது பயம் போயிருக்கலாம், அதெல்லாமும் அதே வித்தியாச காலத்துக்குள்ளதான் கலந்து கிடக்கு.

ஆளுங்க எண்ணிக்கையை கூட்டினாலும் இது சரியாகாது. 1930ல ஸ்காட்லாந்து லானார்க்‌ஷயர்ல 20,000 ஸ்கூல் பிள்ளைங்களை வச்சு, பாதி பேருக்கு பால் குடுத்து, பிப்ரவரில ஒரு எடை ஜூன்ல ஒரு எடை எடுத்தாங்க. கோஸெட்டே அடுத்த வருஷம் அதை அலசினார். பாவமேன்னு டீச்சருங்க மெலிஞ்ச பிள்ளைங்களை பால் குரூப்புக்கு மாத்திட்டாங்க. அது போக துணியோடயே எடை போட்டதால, வசதியான பிள்ளைங்களுக்கு குளிர்கால கனமான துணி ஜூன்ல கழண்டு எடை குறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு, ஏழைப் பிள்ளைங்களுக்கு அவ்ளோ மாறல. இத்தனை ஆயிரம் பேருக்கு பதிலா ஒரே மாதிரி ரெட்டைப் பிள்ளைங்க 50 ஜோடி எடுத்து, ஒருத்தருக்கு பால் ஒருத்தருக்கு இல்லன்னு பண்ணிருந்தா இன்னும் நம்பகமா இருந்திருக்கும்னு சொன்னார்.

அதனால அடுத்த கேம்ப்ல சேர வர்றவங்களை சீட்டு குலுக்கி ரெண்டா பிரிங்க, ஒரு பாதி இப்போ ஆரம்பிக்கட்டும், இன்னொரு பாதி மூணு மாசம் கழிச்சு. ரெண்டு பாதியையும் ஒரே நேரத்துல அளந்துடுங்க. மருந்து சாப்பிடறவங்க அதை நிறுத்தாம பாத்துக்கோங்க.

கேள்வி: எங்கிட்ட கண்ட்ரோல் குரூப் இருக்கு. பயிற்சி குரூப்ல பேர்டு போட்டா பி 0.03, கண்ட்ரோல்ல 0.12. அப்போ பயிற்சி வேலை செஞ்சிடுச்சுன்னு எழுதலாம்ல?

பதில்: வேணாம் தம்பி, நான் பாக்கற தீசிஸ்ல அடிக்கடி வர்ற தப்பு இது. 0.03க்கும் 0.12க்கும் நடுவுல இருக்கற வித்தியாசமே சும்மா தற்செயலா இருக்கலாம், ரெண்டு குரூப்லயும் மாற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவு இருந்தாக்கூட இப்படி வரும். ரெண்டு குரூப்போட வித்தியாச காலத்தையும் நேருக்கு நேர் தனித்தனி குரூப் டெஸ்ட்ல போடுங்க. ப்ரீ-டெஸ்ட் மார்க்கை கணக்குல எடுத்துக்கிற ஆன்கோவா தெரிஞ்சா அது இன்னும் நல்லது.

கேள்வி: ஆரம்பம், ஒரு மாசம், மூணு மாசம்னு மூணு தடவை அளந்திருக்கேன். மூணு பேர்டு டெஸ்ட் போடலாமா?

பதில்: ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவால (ஒரே ஆளுங்களோட பல அளவுகளை ஒண்ணா சேர்த்து பாக்குற டெஸ்ட்) ஆரம்பிங்க. மூணு தடவை தனித்தனியா 0.05ல போட்டா, எங்கயாவது ஒண்ணு சும்மா சிக்னிஃபிகன்ட்னு வர வாய்ப்பு 14 சதவீதம் வரைக்கும் போகலாம். ஜோடி ஜோடியா பாக்கணும்னா 0.05ஐ மூணால வகுத்து 0.017ன்னு வச்சுக்கோங்க.

கேள்வி: பி-வேல்யூ மட்டும் எழுதுனா பத்தாதா?

பதில்: பத்தாது. படிக்கறவங்களுக்கு எவ்ளோ மாறுச்சுன்னு தெரியணும். அந்த தூக்க டேட்டாவையே எழுதறதா இருந்தா: "சராசரி வித்தியாசம் 1.58 மணி, 95 சதவீத இடைவெளி 0.70ல இருந்து 2.46 வரை, டி 4.06, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 9, பி 0.003." இதுல இடைவெளியைத்தான் நான் முதல்ல படிப்பேன், உண்மையான லாபம் முக்கால் மணிக்கும் குறைவாக்கூட இருக்கலாம், ரெண்டரை மணி வரைக்கும்கூட போகலாம்னு அது வெளிப்படையா சொல்லுது, 10 பேரை வச்சு அதுக்கு மேல துல்லியமா சொல்லவும் முடியாது.