மகன் சிம்பொனி எழுதப் போகிறானாம்: லண்டனில் இருந்து ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

அக்கா, வணக்கம்.

மகன் ஏ லெவலில் கணிதமும் பௌதிகமும் நன்றாகச் செய்கிறான், ஆனால் கம்போசிஷன், அதாவது இசை எழுதுவதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்து இசை எழுதுவதற்கு மட்டும் மாதச் சம்பளம் தருகிற வேலை அநேகமாக எங்கும் இல்லை. எழுதியே வாழ்ந்தவர்களில் பலர் வேறொரு வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

ஆங்கில இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்டைப் பாருங்கள். 1921இல் நோர்தாம்ப்டனில், சப்பாத்துத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டுவிட்டு ட்ரம்பெட் மேல் பைத்தியமானார். உதவித்தொகையோடு ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து ட்ரம்பெட், கம்போசிஷன் இரண்டையும் படித்தார். 1941இல், இருபது வயதுகூட ஆகாத நேரத்தில், லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட் வாசிக்கிற வேலை. இரண்டு வருடத்தில் முதல் ட்ரம்பெட், அதாவது ட்ரம்பெட்காரர்களில் தலைமை வாசிப்பாளர், ஆகிவிட்டார்.

ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட்காரர் வாசிப்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். வயலின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இவர் பின்வரிசையில் எண்பது பார் (தாளக் கட்டங்கள்) எண்ணிக்கொண்டு சும்மா இருப்பார். எது எதை அமுக்குகிறது, புல்லாங்குழல் எந்த உயரத்தில் தனியாகக் கேட்கிறது என்பதெல்லாம் அப்போது காதில் விழுந்துகொண்டே இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டே படித்த படிப்பு அது. அந்த வேலையை 1948இல்தான் விட்டார். அதற்குள் படங்களுக்கு இசை எழுதத் தொடங்கியிருந்தார்.

அப்புறம் வந்ததெல்லாம் வெள்ளம். ஒன்பது சிம்பொனி, ஒரு தனி வாத்தியத்தை முன்னே வைத்து ஆர்கெஸ்ட்ராவோடு எழுதுகிற கான்செர்டோக்கள் இருபதை ஒட்டி, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' ஞாபகம் இருக்கிறதா? நம் இலங்கையில் கித்துல்கலவில் எடுத்த படம். அதற்கு இசை எழுத அவருக்குக் கிடைத்தது பத்து நாள்; கையில் வந்தது ஆஸ்கார். 1956இல் ஒரு வேடிக்கைக் கச்சேரிக்காக மூன்று வாக்கும் கிளீனர், தரை மெருகேற்றும் இயந்திரம் ஒன்று, நான்கு துப்பாக்கி எல்லாவற்றையும் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து எழுதினார். இது நம் தரத்துக்குக் கீழே என்று அவர் எதையும் தள்ளவில்லை. சில விமர்சகர்கள் அதற்காகவே அவரை இளக்காரமாகப் பார்த்தார்கள். எனக்கென்னவோ அதுதான் அவருடைய பெரிய பலம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. குடியும் மனநோயும் அவரை ஆட்டிவைத்தன. எழுபதுகளின் கடைசியில் இருந்து சில வருடம் ஒன்றும் எழுத முடியாமல் கிடந்தார். ஒன்பதாவது சிம்பொனி 1986இல்தான் வந்தது. தனியாக இருந்து செய்கிற தொழில் இது, அக்கா. அவனோடு ஒழுங்காகப் பேசிக்கொண்டிருங்கள், அது போதும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு யூக்காஸ். அதில் இசைக் கல்லூரிகளுக்கு யூக்காஸ் கன்சர்வடோய்ர்ஸ் என்று தனி விண்ணப்பம்; அக்டோபர் தொடக்கத்திலேயே மூடிவிடும், அதைத் தவற விடாதீர்கள். வழக்கமான யூக்காஸில் எஞ்சினியரிங்குக்கும் அதே வருடம் போடலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. ஆகவே கணிதத்தை விடச் சொல்லாதீர்கள், இசையையும் விடச் சொல்லாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு இடித்த இடம் ஒன்றுதான். வயலின் பரீட்சையில் கிரேட் 6க்குப் பிறகு வயலினை மூடி வைத்துவிட்டான், எல்லாம் லாப்டாப்பில் என்றீர்களே, அது. லாப்டாப் வயலின் மூச்சு வாங்காது, களைக்காது, தப்பாக வாசிக்காது. பள்ளி ஆர்கெஸ்ட்ராவிலோ ஊர் ஆர்கெஸ்ட்ராவிலோ கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பிடிக்கச் சொல்லுங்கள். அவன் எழுதியதில் நாலு பேர் வாசிக்கக்கூடிய சின்னத் துண்டு ஒன்றை அச்சிட்டு, கூடப் படிக்கிற பிள்ளைகளை வாசிக்க வைக்கட்டும்.

அதை போனில் பதிவு செய்து, அடுத்த மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். லாப்டாப் வேண்டாம். தாளும், தப்பும் தவறுமான அந்தப் பதிவும் போதும்.