மாருதி ஸ்பாய்லர், கான்டெஸா மூக்கு: சில கேள்விகள், சில பதில்கள்

சார், மாருதி 800-க்கு முன் பம்பருக்குக் கீழே போடுகிற ஃபைபர் ஸ்பாய்லர் ஒன்று புதுப்பேட்டையில் சல்லிசாகக் கிடைத்தது. என் பழைய கான்டெஸா காரில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குறைகிறது. தூக்கிப் போட்டுவிடவா?

தூக்கிப் போட வேண்டாம். 800-இன் அகலம் 1440 மி.மீ., கான்டெஸா கிட்டத்தட்ட 1700. இந்த 26 செ.மீ. குறையைப் பலரும் ஓரங்களில் ஒட்டுப் போட்டுத்தான் சரிக்கட்டுகிறார்கள், அங்கேதான் வேலை கெடுகிறது. ஓரத்தில் வீல் ஆர்ச்சை நோக்கித் திரும்பும் வளைவை மறுபடி கையால் உருவாக்குவது பாடு. அதனால் நட்டநடுவில் வெட்டுங்கள். இரண்டு பாதியையும் மாஸ்க்கிங் டேப்பால் காரிலேயே தொங்கவிட்டு, முதலில் வீல் பக்கத்து முனைகளைச் சரியாக உட்கார வையுங்கள், நடுவில் எவ்வளவு இடைவெளி வருகிறதோ வரட்டும். அந்த இடைவெளிக்கு ஒரு ஃபைபர் துண்டு செருகி, பின்பக்கம் அலுமினியப் பட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு, அப்படியே ஒரே துண்டாகக் கழற்றுங்கள். கான்டெஸாவின் முகம் நேர்க்கோடாக இருப்பதால் நடுவில் தட்டையான துண்டு வந்தாலும் உறுத்தாது.

பின்பக்கத்தில் இணைப்பின் இரு பக்கமும் ஐந்து செ.மீ. அளவுக்கு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, கண்ணாடியிழை மேட்டும் (விரிப்பு) அதில் ஊறவைக்கும் ரெசினுமாக மூன்று அடுக்கு. அது இறுகிய பிறகு முன்பக்க இணைப்பை V மாதிரி சாய்த்துத் தேய்த்து, அதிலும் ஒரு அடுக்கு மேட் வைத்து, அப்புறம்தான் பட்டி (மேல்பூச்சுப் பசை). வெறும் பட்டியால் இடைவெளியை அடைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வண்டி அதிர்வில் அதே கோட்டில் விரிசல் விடும். இன்னொன்று, இதில் விளையாட வேண்டாம்: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர். தேய்க்கும்போது நல்ல மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை போதாது.

குரோம் பம்பரிலேயே துளை போட்டு மாட்டிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். குரோமில் துளை போட்டால் அங்கிருந்தே துரு கிளம்பும். பம்பருக்குக் கீழே உள்ள தகரத்தில் M6 (6 மி.மீ.) போல்ட், பெரிய வாஷர், நடுவே ரப்பர். தகரத்துத் துளையின் ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர் தடவுங்கள். ஸ்பாய்லரில் போடும் துளை மட்டும் கொஞ்சம் நீளவாக்கில் இருக்கட்டும், வெயிலில் அது விரியும். கீழ் விளிம்பிலிருந்து பின்னால் பாடிக்கு இரண்டு மெல்லிய அலுமினிய ஸ்டே (தாங்கு பட்டை) கொடுங்கள், இல்லையென்றால் பைபாஸில் காற்று அதை உள்பக்கம் மடக்கும். தடிமனான இரும்பு ஆங்கிள் கொடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எங்காவது இடித்தால் வளைய வேண்டியது ஸ்டே, பாடித் தகரம் அல்ல.

பழைய பிரீமியர் பத்மினி காருக்கு ஸ்பாய்லர் போட்டால் மைலேஜ் கூடுமா?

ஊருக்குள் ஓட்டுபவருக்கு மைலேஜ் ஒன்றும் கூடிவிடாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 60 கி.மீ. வேகத்தில் இருப்பது 120-இல் நாலு மடங்கு. 80-ஐத் தாண்டாத பத்மினிக்கு அது அழகுக்குத்தான். அழகுக்குப் போடுவதில் தப்பே இல்லை, சும்மா கணக்கு சொல்ல வேண்டாம்.

மாட்டியதிலிருந்து எஞ்சின் சூடாகிறது.

எப்போது சூடாகிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் என்றால் ஸ்பாய்லர் மேல் சந்தேகப்படலாம், பம்பருக்குக் கீழே காற்று நுழையும் வழியை அது மறைத்திருக்கும். அந்த இடத்தில் ஜன்னல் வெட்டி வலை வையுங்கள். சரியாக அமைந்த ஸ்பாய்லர் எஞ்சினுக்கு அடியில் அழுத்தத்தைக் குறைப்பதால் ரேடியேட்டர் வழியாகக் காற்று நன்றாகவே இழுபடும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடானால் பாவம் ஸ்பாய்லர் என்ன செய்யும்? ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள்.

எவ்வளவு கீழே இறக்கலாம்?

இந்தியச் சாலைப் பேரவையின் கணக்குப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். உங்கள் தெருவில் இருப்பதற்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஸ்பாய்லர் அளவுக்கு அட்டை வெட்டி டேப்பால் ஒட்டுங்கள், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏரியாவிலேயே மோசமான வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். அட்டை எங்கே மடங்குகிறதோ அதற்கு இரண்டு விரல் மேலே வெட்டு. ஸ்டியரிங்கை முழுசாக இரண்டு பக்கமும் திருப்பி டயர் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்பாவின் ஃபியட் 1100, 1970-இல் பதிவானது. போடலாமா?

விண்டேஜ் பதிவு (பழங்கால வண்டிகளுக்கான தனிப் பதிவு) வாங்கும் எண்ணம் இருந்தால் துளையே போடாதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டியும் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். ஆசை விடவில்லை என்றால் பம்பர் பிராக்கெட்டின் பழைய போல்ட்டிலேயே கிளாம்ப் போட்டு மாட்டுங்கள், ஆய்வுக்குப் போகிற அன்று கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.