ஏப்ரல் 30க்குள் ஆறு கிரெடிட்: அறிவியல் தேர்வுக்கு நாள் குறிப்பது எப்படி?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டத்துக்கு இன்னும் ஆறு அறிவியல் கிரெடிட்டுகள், அதாவது பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுகள், மட்டுமே பாக்கி, ஜூன் பட்டமளிப்பில் பெயர் வர வேண்டுமானால் எல்லா மதிப்பெண்களும் ஏப்ரல் 30க்குள் கல்லூரிக்கு வந்துசேர வேண்டும், அலுவலகத்தில் பதவி உயர்வு அந்தப் பட்டத்தை நம்பியிருக்கிறது, நீங்களோ ப்ளஸ் டூவில் வணிகவியல் படித்தவர், அறிவியல் புத்தகத்தைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்பில், அதுவும் தமிழ் வழியில் என்று எழுதியிருக்கிறீர்கள். நியூ ஜெர்சிக்கு வந்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வேலையும் பார்த்து, இவ்வளவு தூரம் படித்து முடித்தவருக்கு இந்தக் கடைசிப் படி எட்டாததல்ல. ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது. வகுப்பில் சேராமலே எழுதித் தேறினால் கல்லூரி கிரெடிட் பெற உதவும் கிளெப் தேர்வை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வைத்துக்கொண்டால் படிக்கக் கூடுதல் நாள் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். அந்த நாளைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

காரணம் இதுதான். காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு 1967 முதல் நடத்திவரும் இந்தக் கிளெப் தேர்வில் ஒருமுறை தவறினால், அதே பாடத்தை மீண்டும் எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஏப்ரலில் எழுதித் தவறினால் அடுத்த வாய்ப்பு ஜூலையில்தான் வரும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், பட்டமளிப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகத் தேர்வு எழுதி 47 மதிப்பெண் பெற்றார். 50 வேண்டியிருந்தது. மூன்று மதிப்பெண்ணுக்காக அவர் பட்டம் பல மாதம் தள்ளிப்போயிற்று. அவர் படிப்பில் பெரிய குறை இருக்கவில்லை, நாள் குறித்ததில்தான் குறை இருந்தது. அதை முன்கூட்டியே கேட்டுச் சரிசெய்யாமல் விட்டது என் தவறும்கூட. ஆகவே இப்போது யார் வந்தாலும் பாடத்திட்டத்தைத் திறப்பதற்கு முன் நாட்காட்டியைத் திறக்கச் சொல்கிறேன்.

பின்னிருந்து எண்ணுவோம். ஏப்ரல் 30 உங்கள் கல்லூரியின் கெடு. மதிப்பெண் அறிக்கை போய்ச் சேர்ந்து, மாணவர் பதிவேடுகளைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் அதைப் பார்த்து உங்கள் கணக்கில் ஏற்ற மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். அப்படியானால் ஏப்ரல் 9க்குப் பிறகு எழுதும் எந்தத் தேர்வும் உங்களுக்குப் பயன்படாது. அதற்கும் முன்னால், முதல் முயற்சி தவறினால் மாற்றுத் தேர்வுக்குத் தயாராக நான்கைந்து வாரம் வேண்டும். இப்படிப் பார்த்தால் முதல் தேர்வுக்குரிய நாள் மார்ச் 7ஐ ஒட்டி வருகிறது. இன்று ஜனவரி 12. கையில் எட்டு வாரம் இருக்கிறது. வார நாட்களில் ஒன்றேகால் மணி நேரம், சனிக்கிழமை நான்கு மணி நேரம் என்று வைத்தால் ஏறத்தாழ 80 மணி நேரப் படிப்பு. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அது போதுமானது, வீணடிக்காமல் இருந்தால்.

புத்தகம் வாங்குவதற்கு முன் ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டதை நம்ப வேண்டாம். பதில் எழுத்தில் இருக்கட்டும். கிளெப் இயற்கை அறிவியல் தேர்வுக்கு அமெரிக்கக் கல்விக் குழு ஆறு கிரெடிட் பரிந்துரைக்கிறது. ஆனால் அது பரிந்துரைதான். எத்தனை கொடுப்பது, 50 போதுமா அதற்கு மேல் வேண்டுமா என்பதையெல்லாம் ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் பாடம் கட்டாயம் என்று உங்கள் பட்டத்துக்கு விதி இருந்தால், இந்தத் தேர்வு அதை நிறைவு செய்யாமல் போகலாம். கடைசி 30 கிரெடிட்டுகளைத் தங்களிடமே எடுக்க வேண்டும் என்ற விதி சில கல்லூரிகளில் உண்டு. அங்கே தேர்வு மூலம் வரும் கிரெடிட் செல்லுமா என்று கேளுங்கள். நீங்கள் முன்பு சமுதாயக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் ஒன்று எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதோடு இது ஒன்றின் மேல் ஒன்றாக வருகிறதென்று தள்ளிவிடுவார்களா என்பதையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

இனி எந்தத் தேர்வு என்பது. கிளெப்பில் உயிரியல், வேதியியல், இயற்கை அறிவியல் மூன்றும் இருக்கின்றன. மூன்றுக்கும் நேரம் 90 நிமிடம். வேதியியலில் 75 கேள்விகள், திரையிலேயே தனிம வரிசை அட்டவணையும் கால்குலேட்டரும் தருகிறார்கள். ஆனாலும் சமன்பாட்டுக் கணக்கில் பழக்கமில்லாத ஒருவர் எட்டு வாரத்தில் அதைத் தொடுவதை நான் ஏற்க மாட்டேன். உயிரியல் 115 கேள்விகள், கல்லூரியில் ஓராண்டு நடத்தும் ஆழம். இயற்கை அறிவியல் 120 கேள்விகள். பரப்பு அகலம், ஆழம் குறைவு. அறிவியலைப் பிரதானப் பாடமாக எடுக்காதவர்களுக்கென்றே அமைந்தது. உங்களுக்கு உரியது இதுதான்.

இதில் பாதி உயிரியல், பாதி பௌதிக அறிவியல். அந்தப் பாதிகளுக்குள் எடை சமமாக இல்லை என்பதை மனத்தில் பதிய வையுங்கள். உயிரினங்களின் உடலமைப்பும் செயல்பாடும் வளர்ச்சியும் மரபுவழிப் பண்புகளும் சேர்ந்து மட்டுமே 20 சதவீதம், அதாவது ஏறத்தாழ 24 கேள்விகள். வெப்பம், பொருளின் நிலைகள், இயக்கவியல் ஆகியவை சேர்ந்து 12 சதவீதம். பூமியைப் பற்றிய பகுதி 10, அண்டம் 7. மின்சாரம், காந்தம், அலை, ஒளி, ஒலி எல்லாம் சேர்ந்து வெறும் 4 சதவீதம். மின்சுற்று வரைபடங்களைக் கண்டு பயந்து அதிலேயே இரண்டு வாரத்தைச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து கேள்விக்காக அப்படிச் செய்யாதீர்கள். அந்த நேரத்தை இரத்த ஓட்டத்துக்கும் தாவரத்தின் நீர்க் கடத்தலுக்கும் கொடுங்கள்.

உங்களைத் தடுக்கப்போவது அறிவியலைவிட ஆங்கிலச் சொற்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வழியில் படித்தவருக்குக் கருத்து உள்ளே இருக்கும், பெயர் மட்டும் வேறாக இருக்கும். ஒரு நோட்டை எடுத்து நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஒளிச்சேர்க்கை, வலப்பக்கம் போட்டோசிந்தசிஸ் என்று எழுதத் தொடங்குங்கள். இழைமணி என்றால் மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் என்றால் குளோரோபிளாஸ்ட், சவ்வூடு பரவல் என்றால் ஆஸ்மோசிஸ், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன், உந்தம் என்றால் மொமெண்டம். முதல் பத்து நாளில் இருநூறு சொற்கள் சேர்ந்துவிட்டால், பத்தாம் வகுப்பில் கற்றது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, இந்தத் தேர்வு சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதைவிடக் காரணத்தை அதிகம் கேட்கிறது. அந்தக் காரணங்களில் பலவற்றை நீங்கள் நாள்தோறும் கையாள்கிறீர்கள். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் நீர் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது, அதனால் பருப்பு சீக்கிரம் வேகிறது. உயரத்தில் இருக்கும் டென்வர் நகரில் காற்றழுத்தம் குறைவு, அங்கே நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேக நேரமாகிறது. விதி ஒன்றுதான். குளிர்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுகிறீர்களே, அது நுண்ணுயிர்களுக்கு உகந்த வெப்பநிலையைத் தருவது. அவை மாவுச்சத்தைச் சிதைத்து அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்குவதால்தான் மாவு புளித்துப் பொங்குகிறது. நொதித்தல் பற்றிய கேள்விக்கு இதற்கு மேல் பெரிதாக வேண்டியதில்லை. சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா அமாவாசைக்கும் ஏன் வருவதில்லை என்று கேட்டால், நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கத் தொடங்கும் முன், இந்த வாரமே காலேஜ் போர்டின் மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் குறைவாக வரும், வரட்டும். தவறான ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள்: தெரியாமல் போனதா, தெரிந்தும் கேள்வியைத் தவறாகப் படித்ததா, நேரமில்லாமல் விட்டதா. 90 நிமிடத்தில் 120 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 45 நொடிதான். பலர் மூன்றாவது குறியைக் கண்டுகொள்ளாமல் மேலும் மேலும் படித்துக்கொண்டே போகிறார்கள். உங்கள் தாளில் அந்தக் குறி அதிகமாக இருந்தால், பிப்ரவரி பாதிக்குப் பிறகு புதிய பாடத்தை நிறுத்திவிட்டு வேகத்தைப் பழகுவதே மேல். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். 20 முதல் 80 வரையிலான அளவில்தான் மதிப்பெண் வரும். 50 என்பது ஐம்பது சதவீதம் அல்ல.

கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் இலவசப் பாடத்தை இணையத்தில் முடித்தால், தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். பாடத்தின் எல்லாப் பயிற்சிகளையும் முடித்தபின்தான் கேட்க முடியும் என்பதால் பிப்ரவரி நடுவிலேயே முடித்துவிடுங்கள். பாடம் புரியாத இடங்களுக்குக் கான் அகாடமியும், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் இலவசப் பாடநூல்களும் போதும். நான்காவதாக ஒன்றைத் தேடாதீர்கள்.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுவிடுகிறார்கள். அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் ஏறி, கல்லூரிப் பதிவில் வேறு மாதிரி இருந்துவிடுகிறது. தேர்வு மையத்தில் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவுப் பெயரும் ஒத்திருக்க வேண்டும். கல்லூரியிலும் அந்தப் பெயரால் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதைத் தேர்வின்போதே குறித்துவிட்டால் அந்த ஒரு அறிக்கை இலவசம். விட்டுவிட்டால் பிறகு பணம் கட்டித் தனியாகக் கேட்க வேண்டும், நாளும் போகும்.

மார்ச் 7 அன்று எழுதி முடித்தவுடன் திரையில் மதிப்பெண் தெரியும். 50க்குக் கீழே இருந்தால் அன்று மாலையே மாற்றுத் திட்டம் தொடங்க வேண்டும். டி.எஸ்.எஸ்.டி. என்ற இன்னொரு தேர்வு வரிசையில் வானியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவை தலா மூன்று கிரெடிட்டுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. தேர்ச்சிக்கு 400 வேண்டும். அவற்றையும் கல்லூரி ஏற்குமா என்பதை இப்போது எழுதும் அதே மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கே மறுதேர்வுக்குக் காத்திருப்பு 30 நாள் என்றாலும், உங்கள் கெடுவுக்குள் அதற்கும் இடமில்லை. மார்ச் 24ஐ ஒட்டி ஒன்று, ஏப்ரல் 7ஐ ஒட்டி ஒன்று என ஒவ்வொன்றும் ஒரே முயற்சிதான். இயற்கை அறிவியலுக்குப் படித்த அண்டமும் சூழலியலும் இரண்டுக்கும் அடித்தளமாகும் என்பதால் எட்டு வாரப் படிப்பு வீணாகாது.

மாதிரித் தேர்வை இந்தச் சனிக்கிழமை எழுதிவிட்டு, குறி போட்ட தாளையும் ரெஜிஸ்ட்ராரின் பதிலையும் எனக்கு அனுப்புங்கள். எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது என்று அதைப் பார்த்தபின் நாள்வாரியாக எழுதுகிறேன்.