ஓட்டுநர் தேர்வுக்குச் சொந்தக் காரைக் கொண்டுபோகலாமா?

கேள்வி: எல்.எல்.ஆர். எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவின் ஆட்டோமேட்டிக் காரில்தான் ஓட்டிப் பழகினேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டிரைவிங் ஸ்கூல் காரில்தான் ஓட்டிக்காட்ட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை. நீங்கள் எந்த வகை வாகனத்துக்கு விண்ணப்பித்தீர்களோ அந்த வகை வாகனத்தில் தேர்வு நடக்க வேண்டும் என்றுதான் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அது பயிற்சிப் பள்ளியின் காராகவோ உங்கள் பெயரில் உள்ள காராகவோ இருக்க வேண்டியதில்லை. ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பது தடையாகாது. இருசக்கர வாகனங்களில் கியர் உள்ளது, இல்லாதது என்று உரிமம் பிரிகிறது. கார்களுக்கு அப்படிப் பிரிவில்லை, எல்லாம் இலகுரக மோட்டார் வாகனம் என்ற ஒரே வகைதான். ஆனாலும் கிளட்ச் மிதித்துப் பழகாமல் கியர் வண்டியைச் சாலையில் எடுத்துவிடாதீர்கள்.

தேர்வைவிட, வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும் பயணத்தைப் பற்றியே எனக்குக் கவலை. காரை நீங்களே ஓட்டிச் செல்வதானால் அதே மத்திய விதிகளின் 3ஆம் விதி முழுமையாகப் பொருந்தும்: செல்லுபடியாகும் உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா பின்சீட்டில் அமர்ந்து வழிசொன்னால் போதாது. ஹேண்ட்பிரேக் கைக்கு எட்டும்படி முன்சீட்டில் இருக்க வேண்டும், அவருடைய உரிமமும் காலாவதியாகியிருக்கக் கூடாது. முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத வெள்ளைப் பரப்பில், குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரமுள்ள சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். காரின் இன்சூரன்ஸ் பாலிசியில் யார் ஓட்டலாம் என்று சொல்லும் நிபந்தனையை எடுத்துப் பாருங்கள். பழகுநர் ஓட்டலாம் என்று அனுமதிக்கும் அதே வரியில், இந்த 3ஆம் விதிக்கு உட்பட்டே ஓட்ட வேண்டும் என்றும் இருக்கும். விதியை மீறி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். தேர்வில் தேறிய கையோடு 'எல்' அட்டையைக் கழற்றிவிட்டுத் தனியாகத் திரும்புவதும் தவறுதான், ஏனெனில் உரிமம் வழங்கப்படும் வரை நீங்கள் பழகுநரே.

ஆர்.சி., இன்சூரன்ஸ், கார் பதிவாகி ஓராண்டு கடந்திருந்தால் புகைப் பரிசோதனைச் சான்று ஆகியவை நடப்பில் உள்ளனவா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பின்பக்கக் கேமராவை நம்பிப் பழகியிருந்தால், திரையை மறைத்துவிட்டுக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். குறுகிய இடத்துக்குள் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவது தேர்வின் ஒரு பகுதி. தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம், மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். உங்களுக்கு ஏற்கனவே இரண்டு மாதம் போய்விட்டதால், தேதியை இந்த வாரமே பதிவுசெய்துவிடுங்கள்.