அறுபத்தைந்து வயதில் ஒரு மேஜர்

வணக்கம் சார்,

கோல்ஃப் பற்றிய உங்கள் குறிப்பில், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஆடும் யுஎஸ் சீனியர் ஓப்பனையும் ‘மேஜர்’, அதாவது முதன்மையான போட்டிகளில் ஒன்று, என்று எழுதியிருந்தீர்கள். பழைய நட்சத்திரங்களை மறுபடி டிவியில் காட்டிக் காசு பார்க்கும் ஏற்பாடுதானே அது? வயதானவர் வயதானவரை ஜெயிப்பதில் என்ன பெருமை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காசு விஷயத்தை ஒரேயடியாக மறுக்க மாட்டேன். 1980இல் முதல் போட்டி நடந்தபோது வயது வரம்பு 55. மறு வருஷமே 50 ஆக்கிவிட்டார்கள். அப்போது அர்னால்ட் பால்மருக்கு 51 வயது. கூட்டம் சேர்க்க அவரைப்போல் இன்னொருவர் கிடையாது. வந்தார், அந்த வருஷமே ஜெயித்தார்.

ஆனால் ஆட்டத்தில் சலுகை இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் வருஷம் முழுக்க ஆடும் போட்டித் தொடரான சீனியர் சுற்றில் வழக்கமான போட்டி மூன்று நாள், 54 குழி. இது நான்கு நாள், 72 குழி. இரண்டாம் நாளோடு பின்தங்கியவர்கள் மூட்டை கட்ட வேண்டும். மைதானத்தில் குழிக்குக் குழி போக வண்டியும் கிடையாது, நடந்தே ஆக வேண்டும். 2018இல் முழங்கால் தேய்மானத்தால் ஜான் டேலி வண்டி கேட்டார்; மறுத்துவிட்டார்கள், அவர் விலகிக்கொண்டார். எனக்கே அது கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது.

சரி, 2023க்கு வருவோம். விஸ்கான்சின் மாநிலத்தில் சென்ட்ரிவேர்ல்ட் மைதானம். ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு 65 வயது. அவரைத் துரத்திய ஸ்டீவ் ஸ்ட்ரிக்கரும் ஜெர்ரி கெல்லியும் அந்த மாநிலத்துக்காரர்கள். கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம். ஸ்ட்ரிக்கர் அவரைவிடக் கிட்டத்தட்டப் பத்து வயது இளையவர் வேறு. கடைசி மூன்று குழிகளிலும் லாங்கருக்குப் போகி, அதாவது குழிக்கு விதித்த கணக்குக்கு மேல் ஒவ்வொரு ஸ்ட்ரோக், ஒவ்வொரு அடி. அப்படியும் இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். சீனியர் சுற்றில் அது அவருக்கு 46ஆவது வெற்றி. ஹேல் இர்வினின் 45 வெற்றி என்ற சாதனை அன்று முறிந்தது.

இதில் என்னை உருக்குவது லாங்கருடைய கைதான். பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ள வேண்டிய நேரத்தில் கை வெட்டி இழுக்கும், ‘யிப்ஸ்’ என்பார்கள். இளம் வயதிலிருந்தே அவருக்கு அந்த உபாதை. பிடியை மாற்றி மாற்றிப் பார்த்தார். பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையான பட்டரில் நீளமான ஒன்றை எடுத்து, நெஞ்சில் ஊன்றி ஒருவழியாகத் தேறினார். 2016இல் ஊன்றுவதையே தடை செய்தார்கள். அப்போது அவருக்கு 58. அதே பட்டரை நெஞ்சில் படாமல் பிடித்து மறுபடி பழகினார்.

அந்தக் கடைசி நாளின் பதிவு கிடைத்தால் பாருங்கள். பட்டரின் மேல்முனையைப் பிடித்த கை நெஞ்சிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.