நான்கு முனை ஸ்பீக்கருக்கு எப்படி வயர் பூட்டுவது? கேள்வி பதில்

கல்லடியில் என் திருத்தகத்துக்கு வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஏறாவூர்: அண்ணன், மச்சான் அனுப்பிய ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பின்னாலும் நான்கு முனைகள் இருக்கின்றன. என் அம்பிளிபயரிலோ ஒரு பெட்டிக்கு இரண்டுதான். மற்ற இரண்டை என்ன செய்வது?

ஒன்றும் செய்யத் தேவையில்லை தம்பி. பெரும்பாலும் மேல் சோடி கீச்சொலி தரும் சிறிய ட்வீட்டருக்கு, கீழ்ச் சோடி அடித்தொனி தரும் பெரிய வூஃபருக்கு. சிவப்பு இரண்டையும் ஒரு பித்தளைத் தகடு இணைக்கிறது, கறுப்பு இரண்டையும் இன்னொன்று. தகடுகள் இருக்கும்வரை எந்தச் சோடியில் பூட்டினாலும் பெட்டி முழுதாகப் பாடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மட்டும் மாறினால் அடித்தொனி காணாமல் போகும்.

பூட்டுமுன் அம்பிளிபயரை நிறுத்துங்கள். வயர் உறையை ஒரு சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, இழைகளை இறுக முறுக்குங்கள். தலைமுடி போன்ற ஓர் இழை சிவப்பிலிருந்து கறுப்பைத் தொட்டால் போதும், அம்பிளிபயரின் ட்ரான்சிஸ்டர்கள் எரிந்துவிடலாம்.

அக்கரைப்பற்று: பெயின்ற் அடித்தபோது தகடுகள் தொலைந்துவிட்டன. இப்போது ட்வீட்டர் மட்டும் கேட்கிறது.

அதே ஸ்பீக்கர் வயரில் நான்கு விரல் நீளத் துண்டு வெட்டி, சிவப்புக்கும் சிவப்புக்கும் இடையில் பூட்டுங்கள். கறுப்புக்கும் அப்படியே. தகட்டை விட எந்த வகையிலும் குறைந்ததல்ல. இழை வெளியே நீளாமல் பாருங்கள்.

பாசிக்குடா: மண்டபத்தில் 10 மீற்றர் வயர் இழுக்க வேண்டும். பழையது பச்சை பிடித்துவிட்டது.

உப்புக் காற்று செய்யும் வேலை அது. நுனியை வெட்டிக்கொண்டே போங்கள், பளபளப்பான செம்பு தெரிந்தால் மீண்டும் பூட்டலாம். உள்ளேயும் கறுத்திருந்தால் எறிந்துவிடுங்கள். புதிதாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்குங்கள். போக வர 20 மீற்றருக்கு அதன் தடை ஏறத்தாழ 0.15 ஓம். 8 ஓம் பெட்டிக்கு அது பொருட்டல்ல. கடையில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் என்றால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, வாங்க வேண்டாம். மேலே வெள்ளையும் உள்ளே செம்பும் என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. கடலோரத்துக்கு அதுதான் உகந்தது.

ஓட்டமாவடி: நான்கு முனைகள் இருக்கின்றன, இரண்டை என்ன செய்வது?

ஏறாவூர்க்காரருக்கு எழுதியதைப் பாருங்கள்.

கல்முனை: தகட்டைக் கழற்றி, ஒரே அம்பிளிபயரிலிருந்து வூஃபருக்கு ஒரு வயர், ட்வீட்டருக்கு ஒரு வயர் இழுத்தேன். பாட்டு தெளிந்து திறந்துவிட்டது! நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

நானா, இரண்டு வயரும் அம்பிளிபயரில் ஒரே முனையில்தான் சேர்கின்றன. அங்கே மின்னழுத்தம் ஒன்றே. 5 மீற்றர் நல்ல வயரில் ஒலியளவில் கிடைக்கக்கூடிய வேறுபாடு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

கல்முனை: கணக்கு வேறு, காது வேறு. என் மனைவியும் கேட்டார்.

கேட்டதை நான் மறுக்கவில்லை, காரணத்தைத்தான் மறுக்கிறேன். வயர் மாற்றும்போது பழைய நுனிகளை வெட்டினீர்கள், கறுத்த தகடுகளை அகற்றினீர்கள், தளர்ந்த திருகுகளை இறுக்கினீர்கள். ஒலியைத் திறந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். தகடுகளை மெல்லிய மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டி, ஒற்றை வயரில் கேளுங்கள். ஒலியளவை நகர்த்த வேண்டாம். எது பூட்டியிருக்கிறது என்பதை மகன் மட்டும் அறிந்திருக்கட்டும். பத்து முறை மாற்றட்டும், நீங்கள் எழுதி வையுங்கள்.

கல்முனை: அப்படியென்றால் நிறுவனங்கள் ஏன் நான்கு முனை வைக்கின்றன?

வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என இரண்டு அம்பிளிபயர் பூட்ட விரும்புபவருக்கு அவை உண்மையில் உதவும். கேட்டு வாங்குபவர் இருப்பதாலும் வைக்கிறார்கள். பத்து முறைக் கணக்கை எனக்கு அனுப்புங்கள், உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

அம்பாறை: நானும் இரண்டு அம்பிளிபயர் பூட்டப்போகிறேன். தகடு இருக்கலாமா?

கூடவே கூடாது! தகடு இருந்தால் இரண்டு அம்பிளிபயரும் ஒன்றுக்குள் ஒன்று மின்சாரம் தள்ளும், இரண்டும் போய்விடலாம். நான்கு தகடுகளையும் கழற்றி, கையில் எண்ணிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

வாழைச்சேனை: பழைய ரேப் ரெக்கோடரில் நாடா சிக்குகிறது.

அது என் துறை அல்ல. ரேப் திருத்துபவரிடம் கொடுங்கள்.

காத்தான்குடி: முனையின் நடுவில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, வயர் நுனியில் பூட்டும் பனானா பிளக் நுழையவில்லை.

மூடியை ஊசியால் நெம்பினால் வந்துவிடும். ஐரோப்பியச் சுவர் சொக்கற்றிலும் பனானா பிளக் நுழையும் என்பதால்தான் அடைத்து அனுப்புகிறார்கள். நம் வீட்டு 5 அம்பியர் வட்டத்துளையும் அதற்கு இடம் கொடுக்கும், உள்ளே 230 வோல்ற். சிறுபிள்ளைகள் இருந்தால் பிளக் வேண்டாம், வெறும் வயரை இறுகப் பூட்டுங்கள். இழைகளை முறுக்க மறக்காதீர்கள்.