கணினி கேள்வி பதில்: வைஃபை கார்டு உயிரோடுதான் இருக்கிறது

கேள்வி: தாராவி 90 அடி சாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய லேப்டாப்பைப் பிள்ளைகளுக்காகக் கொடுத்தார். விண்டோஸ் மிகவும் மெதுவாக இருந்ததால் தம்பி மகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் பட்டியலில் ஒரு வைஃபை பெயர்கூட வரவில்லை. லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி, தாராவி

பதில்: மாற்ற வேண்டாம், சகோதரி. உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெட்வொர்க் என்ற தலைப்பின் கீழ் 'பிராட்காம் பிசிஎம்43142' என்று இருக்கிறது. அதே வரியில் டிரைவர் என்ற இடத்தில் 'என்/ஏ' என்று வருகிறது. கார்டு செத்துப் போயிருந்தால் அந்தப் பெயரே அங்கே வந்திருக்காது. அதை இயக்கும் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். கடையில் யாராவது இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சலே வந்திருக்காது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

2010 செப்டம்பரில் பிராட்காம் தன் வைஃபை சிப்புகள் சிலவற்றுக்குத் திறந்த மூல டிரைவரை, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் டிரைவரை, வெளியிட்டது. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால் அந்த சிப்புகளுக்குத் தொல்லை இல்லை. உங்கள் 43142 அந்த வரிசையில் வராது. அதற்கு நிறுவனத்தின் மூடிய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்.

நெட்டே இல்லாமல் நெட்டுக்கான டிரைவரை எப்படி இறக்குவது? எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் சொருகுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யுஎஸ்பி டெதரிங்' (போனின் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுப்பது) இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பட்டன் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. இணைப்பு கிடைத்ததும் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பிராட்காம் பெயருக்குக் கீழே 'பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். லேப்டாப்பில் செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும் நடுவிலேயே புதிதாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ஒன்றைக் கொடுத்து, நோட்டில் எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் லினக்ஸ் வருவதற்கு முன்னால் நீல நிறத் திரை வரும். ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி, சில விநாடிகள்தான் காத்திருக்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அது போய்விடும், டிரைவரும் ஏறாது. கீயை அழுத்தி 'என்ரோல் மோக்', அப்புறம் 'கன்டின்யூ', அப்புறம் 'யெஸ்', பிறகு நோட்டில் எழுதிய பாஸ்வேர்டு, கடைசியாக 'ரீபூட்'. தவறவிட்டுவிட்டால் லேப்டாப்பின் ஆரம்ப செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தாலும் டிரைவர் ஏறிவிடும்.

வைஃபை வந்த பிறகும் இரண்டு விஷயங்கள் நினைவிருக்கட்டும். இந்த சிப் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். ரவுட்டரின் 5ஜி (5 கிகாஹெர்ட்ஸ்) பெயர் பட்டியலில் வராது, தேட வேண்டாம். தாராவியில் சுவருக்குச் சுவர் ரவுட்டர் இருப்பதால் 2.4-இல் நெரிசல் அதிகம். வேகம் விட்டு விட்டு வந்தால் ரவுட்டரில் 1, 6, 11 என்ற சேனல்களில் எது காலியாக இருக்கிறதோ அதற்கு மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் வைஃபை காணாமல் போகலாம். பதற வேண்டாம். லேப்டாப் கிளம்பும்போது வரும் க்ரப் என்ற தொடக்க மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் திரும்ப வரும். அதனால் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள்.

என்றைக்காவது உண்மையிலேயே கார்டு போனால், யுஎஸ்பியில் சொருகும் சின்ன வைஃபை டாங்கிள் போதும். 'மீடியாடெக் எம்டி7601யு' சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 2015-இல் வந்த கெர்னல் 4.2 முதலே அதன் டிரைவர் லினக்ஸோடு வருகிறது. பெட்டியில் பளபளப்பாக எழுதியிருக்கும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள், சிப்பின் பெயரைக் கேளுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்னல், அடுத்த அறைக்குப் போனால் போச்சு. சிப் 'ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ'. விண்டோஸில் இந்தப் பிரச்சினை இல்லை.
- ஒரு வாசகர், செம்பூர்

பதில்: ஆன்டெனா கதை இது. இந்தக் கார்டில் ஆன்டெனா வயர் சொருக இரண்டு முனைகள் உண்டு. பல லேப்டாப்புகளில் ஒரே ஒரு வயர்தான் இருக்கும். டிரைவர் வயர் இல்லாத முனையில் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கிறது. எந்த முனையைப் பயன்படுத்துவது என்று சொல்ல இந்த டிரைவருக்கு 'ஆன்ட்-செல்' (ant_sel) என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 2 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், சரியாகாவிட்டால் 1 என்று வையுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் சிக்னல் கோடுகள் நிறைந்துவிடும். லேப்டாப்பைத் திறந்து வயரை மாற்றிச் சொருகும் வேலை அதற்கு அப்புறம்தான்.